ஊசிக்கும் உண்ணிக்கும் ஒரே நோட்டு: ஒரு குதிரை மருத்துவச் சேவையைப் பற்றி

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். குறைத்த ஒன்றுக்குக் காரணம் அவர்கள் பையில் போட்டுக் கொடுக்கும் உண்ணி விரட்டி ஸ்பிரே. அதைக் கீழே தனியாகத் திட்டியிருக்கிறேன்.

லாயத்துக்கே வந்து பார்க்கும் குதிரை மருத்துவர் குழு ஒன்றின் ஆண்டுத் திட்டம் இது. தடுப்பூசிகள், ஊசிக்குப் பிந்தைய கண்காணிப்பு, உண்ணிப் பருவத்தில் உடல் சோதனை, காய்ச்சல் கண்டால் ரத்தப் பரிசோதனை, எந்நேரமும் பேசக்கூடிய தொலைபேசி எண் ஆகியவை திட்டத்துக்குள் வருகின்றன. என்னிடம் நான்கு குதிரைகள். இரண்டு போட்டிக்குப் போகிறவை, ஒன்று ஓய்வுபெற்ற கிழவன், நான்காவது செவலைப் பெட்டை. இந்த மதிப்புரையில் பாதி செவலையால் வந்தது.

செவலைக்கு ஊசி என்றாலே ஆகாது. முன்பு வந்துகொண்டிருந்த மருத்துவர் நல்ல கைராசிக்காரர், ஆனால் பெரிய அவசரக்காரர். ஆண்டுக்குரிய எல்லா மருந்தையும் ஒரே நாளில், ஒரே கழுத்தில் ஏற்றிவிட்டு, நான் கேட்டைச் சாத்துவதற்குள் வண்டியைக் கிளப்பிவிடுவார். மறுநாள் காலையில் செவலையின் கழுத்து உள்ளங்கை அகலத்துக்குப் புடைத்திருக்கும். தலையைக் கீழே இறக்க முடியாமல், காலடியில் இருக்கும் தண்ணீர் வாளியைப் பார்த்தபடி அப்படியே நிற்பாள். வாளியை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிக் கட்டி, உலர்புல்லை வலையில் போட்டுத் தொங்கவிட்டால்தான் ஏதாவது உள்ளே போகும். தொலைபேசியில் கேட்டால், "இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்பார். சரியாகவும் ஆகிவிடும். அடுத்த ஆண்டு மறுபடியும் அதே கதை நடக்கும்.

புதிய குழுவின் டாக்டரம்மா முதல் தடவை வந்தபோது ஊசியையே எடுக்கவில்லை. செவலையின் பழைய சீட்டுகளைக் கேட்டார். எந்த நிறுவனத்தின் மருந்து, என்ன தொகுதி எண், கழுத்தில் எந்தப் பக்கம், வீக்கம் எத்தனை மணி நேரத்தில் வந்தது, காய்ச்சல் அளவு என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். பாதிக்கு மேல் சீட்டில் இல்லை. "இனிமேல் இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஒரு தடித்த நோட்டை எடுத்துக் கொடுத்தார். இப்போது லாயத்தில் ஆணியில் தொங்குவது அதுதான்.

அவர் போட்ட திட்டம் எளிமையானது. இப்படிப்பட்ட வீக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம், நோய் எதிர்ப்பைத் தூண்டுவதற்காக மருந்தில் கலக்கும் துணைப்பொருள். பல நோய்களுக்கான மருந்துகளை ஒரே நாளில் ஏற்றும்போது எது வேலையைக் காட்டியது என்றும் தெரியாமல் போகிறது. எனவே டெட்டனஸ் ஒரு நாள், மூன்று வாரம் கழித்து இன்ஃபுளுயென்சா, அதற்கும் மூன்று வாரம் கழித்து அடுத்தது. ஒரு மருந்தை மட்டும் வேறு நிறுவனத்துடையதாக மாற்றினார். இடத்தையும் மாற்றினார். செவலைக்குக் கழுத்தை விட்டுவிட்டு மார்புத் தசையில் போட்டார். அங்கே வீங்கினாலும் நீர் இறங்கிவிடும், தலையைத் தாழ்த்துவதற்கும் தடை இல்லை. இரண்டு நாள் முன்னங்காலைக் கொஞ்சம் விறைப்பாக வைப்பாள், அவ்வளவுதான். பிட்டத்தின் மேல்பகுதியில் மட்டும் போடவே மாட்டேன் என்றார். அங்கே சீழ்க் கட்டி உண்டானால் வடிவதற்கு வழியில்லை.

இவ்வளவு தொல்லை எதற்கு, ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவைப் பார்த்துவிட்டு ஊசியையே தள்ளிப்போடலாமே என்று கேட்டேன். அந்த எண் வந்தால் குதிரை பாதுகாப்பாக இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். டெட்டனஸ் நஞ்சுக்கு மிக எளிதில் இரையாகும் விலங்குகளில் குதிரை ஒன்று. குளம்பில் ஒரு ஆணி ஏறினால் போதும். அதனால் டெட்டனஸ் விஷயத்தில் பேரமே கிடையாது. இந்த இடத்தில் அவர் சொன்ன இன்னொன்றையும் குறித்துவைத்தேன். டெட்டனஸ் தடுப்பூசி வேறு, காயம் பட்ட பிறகு போடும் ஆன்டிடாக்சின் எனும் நஞ்சு முறிப்பு மருந்து வேறு. இரண்டாவது, இன்னொரு குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. இப்படிப்பட்ட சீரம் ஏற்றிய பிறகு சில குதிரைகளுக்குக் கல்லீரல் அழிவதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே தென்னாப்பிரிக்காவில் அர்னால்ட் தெய்லர் கண்டு எழுதினார். அதோடு தொடர்புடைய பார்வோ வைரஸ் 2018இல்தான் அடையாளம் காணப்பட்டது. தடுப்பூசியை ஒழுங்காகப் போட்டு வந்தால் ஆன்டிடாக்சின் பக்கம் போக வேண்டிய தேவை குறையும். ஊசிக்குப் பயந்து ஊசியைத் தவிர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு இது.

ஊசி நாளில் அவர்கள் வேலை செய்யும் விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. மருந்துப் பெட்டிக்குள் ஒரு வெப்பமானி இருக்கிறது. 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கிறதா என்று திறந்ததும் என்னிடம் காட்டுகிறார்கள். முதலில் ஒவ்வொரு குதிரைக்கும் காய்ச்சல் பார்க்கிறார்கள். 38.3 டிகிரியைத் தாண்டினால் அன்று ஊசி கிடையாது. குதிரைக்குக் குதிரை புது ஊசி. போட்டி முடிவதற்குள் போடலாமா, முடிந்து போடலாமா என்று நான் குழம்பிக்கொண்டிருந்த தேதியையும் அவர்களே நகர்த்தினார்கள். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதிப்படி, போட்டி வளாகத்துக்குப் போய்ச் சேர்வதற்கு முந்தைய 7 நாட்களுக்குள் இன்ஃபுளுயென்சா ஊசி போட்டிருக்கக் கூடாது. கடைசி ஊசி போட்டு 6 மாதமும் 21 நாளும் தாண்டியிருக்கவும் கூடாது. இரண்டு பக்கமும் இடிக்காமல் தேதி குறித்துக் கொடுத்தார்கள்.

போட்ட பிறகு அரை மணி நேரம் நகர்வதில்லை. ஒவ்வாமை கடுமையாகத் தாக்குவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் சில நிமிடங்களிலேயே தாக்கும். மூச்சு இரைக்கும், உடம்பு நடுங்கும், வியர்த்துக் கொட்டும், சரிந்து விழும். அந்த நேரத்தில் அட்ரினலின் கையில் இருக்க வேண்டும், மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அடுத்த ஊருக்குப் போய்க்கொண்டிருக்கும் மருத்துவரால் பயனில்லை. என்னிடம் இதுவரை எந்தக் குதிரைக்கும் அப்படி நேர்ந்ததில்லை. ஆனாலும் அந்த அரை மணி நேரத்துக்காகவே பணம் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

அந்த நேரத்தைச் சும்மாவும் கழிப்பதில்லை. உண்ணி தேடுகிறார்கள்.

உண்ணி தேடுவது ஒரு கலை என்பதை உதவி மருத்துவரைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். கண்ணை நம்பாமல் விரல் நுனியை நம்புகிறார். பிடரி மயிரின் அடிவேரில் தொடங்கி, முடியின் போக்குக்கு எதிராக, விரல்களைத் தோலோடு ஒட்டி நகர்த்துகிறார். பிறகு தாடைகளுக்கு நடுவில் இருக்கும் பள்ளம், காதின் உட்புறம், முன்னங்கால் இடுக்கு, பின்னங்கால்களுக்கு நடுவே, மடி, வால் எலும்பின் அடிப்பகுதி. வாலைத் தூக்கி அதன் அடியில் முடியில்லாத தோலை விரித்துப் பார்க்கிறார். எள் அளவில் ஏதோ விரலில் தட்டியதும் நிறுத்தி, நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டினாற்போல் உண்ணியின் வாய்ப்பகுதியைப் பிடித்து, முறுக்காமல், ஒரே சீராக நேராக இழுத்தார். வந்தது. எட்டுக் கால்களும் காற்றில் துழாவிக்கொண்டிருந்தன. சாராயம் ஊற்றிய சின்னக் குப்பிக்குள் போட்டு, தேதி, குதிரையின் பெயர், உடம்பில் கிடைத்த இடம் மூன்றையும் ஒட்டுத்தாளில் எழுதினார். பிறகு நோய் வந்தால் என்ன உண்ணி என்று பார்க்க உதவும்.

மண்ணெண்ணெய் தடவுவது, எண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாவற்றையும் தடை செய்துவிட்டார்கள். தொந்தரவுபடும் உண்ணி தன் வயிற்றில் இருப்பதைக் கடிவாய்க்குள் கக்கக்கூடும். நோயைக் கூப்பிட்டு உள்ளே விடுவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. காதைத் தவறவிடாதீர்கள் என்றும் சொன்னார்கள். முள் காது உண்ணி எனும் ஒரு வகை காதுக்குள்ளேயே மாதக்கணக்கில் குடியிருக்கும். அதனால் தசைகள் இழுத்துப் பிடித்து, வயிற்றுவலி வந்ததைப்போலக் குதிரை அல்லாடும். வயிற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், காரணம் காதில் இருக்கும்.

இனி, நான் இந்தத் திட்டத்தைப் புதுப்பித்ததற்கான உண்மையான காரணத்துக்கு வருகிறேன்.

கறுப்பன் என் குதிரைகளில் இளையவன். அவனுக்கு இன்ஃபுளுயென்சா ஊசி போட்ட பிறகு நோட்டில் காலையும் மாலையும் காய்ச்சல் எழுதி வந்தோம். முதல் நாள் 38.6 இருந்தது, அடுத்த நாளே இறங்கிவிட்டது. வாரம் முடியும் தறுவாயில் ஒரு காலை தீவனத்தைத் தொடவில்லை. தெர்மாமீட்டரில் 40.3. லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி, "ஊசிக் காய்ச்சல்தான் அக்கா, செவலைக்கும் வருமே" என்று சொல்லி வலி மருந்துப் பசையை எடுத்து வந்துவிட்டான்.

திட்டத்தின் தொலைபேசி எண்ணை அழைத்தேன். உதவி மருத்துவர் எடுத்தார். மூன்று கேள்விகள் கேட்டார். ஊசி போட்டு எத்தனை நாள்? நோட்டில் நடுவில் காய்ச்சல் இறங்கியிருக்கிறதா? இந்த இரண்டு வாரத்தில் அவன்மேல் உண்ணி கிடைத்ததா? கிடைத்திருந்தது. குப்பியில் ஒட்டுத்தாளோடு இருந்தது. "பசையைக் கொடுக்காதீர்கள், நான் வந்து பார்க்கும் வரை அவன் எப்படி இருக்கிறானோ அப்படியே இருக்கட்டும்" என்றார்.

வந்ததும் உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினார். இளம் மஞ்சள் நிறம், அதில் குண்டூசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள். பின்னங்கால்கள் இரண்டும் கீழ்ப்பகுதியில் உருண்டு வீங்கியிருந்தன. கயிற்றைப் பிடித்துத் திருப்பியபோது கறுப்பன் பின்பக்கம் தள்ளாடினான். கழுத்து நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு துளியை இழைத்து, சாயம் ஏற்றி, வண்டிக்குள் இருக்கும் நுண்ணோக்கியில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். வெள்ளை அணு ஒன்றுக்குள் நீலச் சாம்பல் நிறத்தில் சிறு கொத்து. அனாபிளாஸ்மா என்ற பாக்டீரியா. உறுதிசெய்ய பிசிஆர் சோதனைக்கும் ஒரு குழாய் ரத்தம் போனது.

இது 1960களில் கலிபோர்னியாவில் குதிரைகளிடம் கண்டறியப்பட்ட நோய். கிருமிக்கு அப்போது வைத்த பெயர் எர்லிகியா ஈக்வி, இப்போது அனாபிளாஸ்மா ஃபகோசைட்டோஃபிலம். இக்ஸோடிஸ் இன உண்ணிகள் பரப்புகின்றன. கடித்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலாக வெளிப்படும். ஆக, கறுப்பனை உண்ணி கடித்தது ஊசிக்கு முன்பாகவும் இருக்கலாம். புல் தழைத்து உண்ணி பெருகும் காலமும், பலர் ஆண்டு ஊசி போடும் காலமும் ஒன்றோடொன்று மோதுவதால் வரும் குழப்பம் இது. ஊசியால் வரும் காய்ச்சல் பெரும்பாலும் ஓரிரு நாளில் வந்து, கொஞ்சமாக ஏறி, தானே இறங்கிவிடும். இறங்கிய பிறகு மறுபடி ஏறினால், அல்லது நாற்பதைத் தாண்டினால், ஊசியை மட்டும் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்காரக் கூடாது. தம்பி சொன்னபடி பசையைக் கொடுத்திருந்தால் அன்று மாலை காய்ச்சல் குறைந்திருக்கும், நாங்களும் ஊசிமேல் பழியைப் போட்டு அடுத்த ஆண்டு அவனுக்கு ஊசியையே நிறுத்தியிருப்போம். நோய் உள்ளே இருந்திருக்கும்.

ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற பாக்டீரியாக் கொல்லி மருந்தை நீர்த்து, நரம்பில், மிக மெதுவாக ஏற்றினார். வேகமாக ஏற்றினால் குதிரை சரிந்து விழக்கூடும் என்பதால் அவர் அவசரப்படவே இல்லை. மறுநாள் கறுப்பன் வாளியைக் காலால் உதைத்தான். அவன் பாஷையில் தீவனம் எங்கே என்று பொருள். மருந்து இன்னும் சில நாள் தொடர்ந்தது. கால் வீக்கத்துக்குக் கட்டுப் போட்டு, கயிற்றில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நடத்தினோம்.

அன்று சிவப்பணுக்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. தெய்லேரியா ஈக்வி, பபேசியா கபாலி என்ற இரண்டு ஒட்டுண்ணிகளும் உண்ணி வழியாகத்தான் வருகின்றன. அவையும் காய்ச்சல், ரத்தசோகை, காமாலை என்று அதே வேஷம் போடும். சிறுநீர் செம்பழுப்பாகப் போனால் இவற்றின்மேல் சந்தேகம் கூடும். ஆனால் மருந்து வேறு. இமிடோகார்ப் ஊசி போட வேண்டும், அதுவே வயிற்றுவலியையும் எச்சில் ஒழுகலையும் கொண்டுவரும். தெய்லேரியா தொற்றிய குதிரை பிழைத்த பிறகும் பெரும்பாலும் அதை வாழ்நாள் முழுக்கச் சுமக்கும். எல்லை தாண்டிக் குதிரையை அனுப்ப நினைப்பவர்களுக்கு அந்த ஒரு ரத்தப் பரிசோதனையில் பயணமே நின்றுவிடும்.

கிழவனுக்காக, உண்ணி பரப்பும் இன்னொரு நோயான லைமுக்கான சோதனையையும் கேட்டேன். ஒரு நாள் ஒரு காலை நொண்டுவான், இன்னொரு நாள் வேறு காலை நொண்டுவான். பணம் வாங்கிக்கொண்டு ரத்தத்தை எடுத்துவிட்டுப் போகாமல், டாக்டரம்மா முதலில் மூட்டுகளை ஒவ்வொன்றாக மடக்கிப் பிடித்து, ஓடவிட்டுப் பார்த்தார். முழங்கணுக்களில் மூட்டுவாதம் என்றார். லைம் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தால் உண்ணி ஒரு காலத்தில் அந்தக் கிருமியைக் கொண்டுவந்தது என்றுதான் அர்த்தம், அப்படிப்பட்ட ஏராளமான குதிரைகள் நோயே இல்லாமல் திரிகின்றன என்பது அவர் வாதம். குதிரைக்கென்று உரிமம் பெற்ற லைம் தடுப்பூசியும் கிடையாது. நாய்க்கான ஊசியைச் சில மருத்துவர்கள் குதிரைக்குப் போடுகிறார்கள். அதன் எதிர்ப்பொருள் குதிரையிடம் சீக்கிரம் குறைந்துவிடுகிறது என்பதால் இவருக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. விற்கக்கூடிய ஒன்றை வேண்டாம் என்று சொல்லும் மருத்துவரை நான் மதிக்கிறேன்.

இப்போது ஸ்பிரே. பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்தது. மருந்து நல்ல மருந்துதான், அடைத்துக் கொடுத்த விதம்தான் கொடுமை. குப்பியின் மூக்கு முதல் வாரத்திலேயே ஒழுகத் தொடங்கியது. அது எழுப்பும் 'உஸ்' சத்தத்துக்குச் செவலை சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள். கடைசியில் கையுறை மாட்டித் துணியில் நனைத்துத் தடவுகிறோம், அப்படித் தடவுவதுதான் கால் இடுக்கிலும் தாடையிலும் ஒழுங்காகப் படிகிறது. மேலட்டையில் வாரக்கணக்கு எழுதியிருக்கிறார்கள். வியர்த்து ஓடும் குதிரைக்கும், மழையில் நனையும் குதிரைக்கும் அந்தக் கணக்கு செல்லாது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பெர்மெத்ரின் பூனையைக் கொல்லும் என்பதை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில் போட்டிருப்பதைப் பொறுக்க முடியாது. எலிக்காகப் பூனை வளர்க்காத லாயம் எங்கே இருக்கிறது? தடவிய மருந்து காயும் வரை எங்கள் பூனையைத் தீவன அறையில் பூட்டிவைக்கிறேன், அது கதவைப் பிறாண்டிக்கொண்டே இருக்கிறது. இதைக் குழுவிடம் எழுதியே கொடுத்திருக்கிறேன்.

இன்னொரு எச்சரிக்கையை அவர்களே வாய்ச்சொல்லாகச் சொன்னார்கள், தாளிலும் அச்சிட்டிருக்கலாம். மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணி போகப் பயன்படுத்தும் அமிட்ராஸ் மருந்தைக் குதிரைமேல் ஊற்றவே கூடாது. குடலின் அசைவை நிறுத்தி, சாணம் இறுகிக் கடும் வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும். பக்கத்துத் தொழுவத்தில் கடன் வாங்கி அடிப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

சில்லறைக் குறைகளும் உண்டு. ஊசிகளைப் பிரித்துப் போடும்போது கூடுதல் வருகைகளுக்குத் தனியாகக் கட்டணம் கேட்கிறார்கள். பிரிக்கச் சொன்னது அவர்கள் என்பதால் இது நியாயமாகப் படவில்லை. பிசிஆர் முடிவு குதிரை குணமாகி மேய்ச்சலுக்குப் போன பிறகு வந்தது. மேய்ச்சல் நிலத்தைப் பற்றிய துண்டறிக்கையில் புல்லைக் கட்டையாக வெட்டுங்கள், புதர்களை அகற்றுங்கள், வேலியோரம் குதிரைகளை ஒதுங்க விடாதீர்கள் என்பதெல்லாம் சரி. கினிக்கோழி வளர்த்தால் உண்ணி ஒழியும் என்ற வரியை எடுத்துவிடலாம். அவை காலை நான்கு மணிக்குக் கத்தும் கத்தலுக்கு உண்ணியே மேல்.

இரண்டு மூன்று குதிரைகளுக்கு மேல் வைத்திருப்பவர்களும், ஊசிக்கு வீங்கும் குதிரை ஒன்றாவது வைத்திருப்பவர்களும் இதில் சேரலாம். ஒரே குதிரை, பக்கத்திலேயே மருத்துவமனை என்றால் திட்டம் தேவைப்படாது. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஒரு நல்ல இடுக்கி, ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு, ஊசி போட வருகிறவரை அரை மணி நேரம் பிடித்து உட்காரவைத்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். சேர்வதாக இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். விடுமுறை நாளில் தொலைபேசியை எடுப்பவர் மருத்துவரா, எழுத்தரா என்பது ஒன்று. ஸ்பிரேயைப் பையிலிருந்து எடுத்துவிட்டு அதற்குரிய தொகையைக் கழிப்பார்களா என்பது மற்றொன்று. எனக்குக் கழித்தார்கள்.